கத்திக்குத் தப்பியவர் கட்டிக்கு இரையாவதா?

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் 13-ந் தேதியை, இரத்தக் கட்டி நோயைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துரைக்கும் தினமாக உலகெங்குமுள்ள வைத்தியர்கள் 2014-ம் வருஷம் முதல் அனுஷ்டித்து வருகிறார்கள். ருடால்ப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய வைத்திய மேதை 1821-ல் பிறந்த தினம் அது. காலின் நாளங்களில் உறையும் இரத்தம் பெயர்ந்தோடி, நுரையீரலின் குழாயை அடைத்து ஆளைக் கொல்லும் என்பதைச் சோதனைகளால் நிலைநாட்டியவர் அவரே. தினங்களை அனுஷ்டிப்பதில் நம்மவர் ஒருவருக்கும் பின்வாங்கியவரல்லர். குத்துவிளக்கு ஏற்றுகிறோம், மாலையிடுகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். இவ்விஷயமும் அவ்வாறு மறக்கப்படலாகாது. இது வைத்தியர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. சஸ்திர சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய விஷயம்.

நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கதை ஒன்றுண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். பிள்ளைகள் கடன்பட்டுப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எலும்பு பொருத்தப்படுகிறது, காயம் ஆறுகிறது, பெரியவர் வீடு திரும்புகிறார். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ, காலையில் எழுந்து நாலடி நடக்கிறார், மூச்சுத் திணறுகிறது, மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். வண்டி வருமுன் உயிர் போய்விடுகிறது. மாரடைப்பு என்கிறார்கள், வயதாயிற்று, விதி என்று உற்றார் தேற்றுகிறார்கள். இவ்வாறு நேரும் மரணங்களில் சில மாரடைப்பாகவே இருக்கலாம். வேறு சிலவோ, காலிலே ஓசையின்றி உறைந்து நுரையீரலுக்கு ஏறிய கட்டியின் வேலை. அக்கட்டியைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுத்திருக்கலாம். தடுக்கக்கூடியதை விதியென்று சொல்வது பக்தியன்று, அசிரத்தையே.

கட்டி ஏன் உண்டாகிறது? இரத்த ஓட்டம் மந்தப்படுதல், நாளத்தின் சுவர் காயப்படுதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைதல் என மூன்று காரணங்களை விர்ச்சோவின் பெயரால் வைத்திய மாணவர்கள் இன்றளவும் கற்கிறார்கள். சஸ்திர சிகிச்சை இம்மூன்றையும் ஒருங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. மேஜையின்மேல் மயங்கிக் கிடப்பவனுடைய கெண்டைக்காற் சதைகள் அசைவதில்லை. ஆகையால் இரத்தம் தேங்குகிறது. கத்தி பட்ட இடத்தில் குழாய்கள் காயப்படுகின்றன. காயம் பட்டதென்று அறிந்த தேகம், இரத்தம் வீணே ஒழுகாதபடி உறைய வைக்கும் சக்திகளை எல்லாம் எழுப்பிவிடுகிறது. இரத்தம் உறையும் குணமில்லாவிடில் எந்தச் சஸ்திர சிகிச்சையும் சாத்தியமில்லை. அக்குணம் எல்லை மீறினால் சிகிச்சை பெற்றவனே பிழைப்பதில்லை. உறைவதைத் தடுக்க மருந்து கொடுத்தால், ஆறாத காயத்திலிருந்து இரத்தம் பெருகும் அபாயம் எதிரே நிற்கிறது. இவ்விரண்டு அபாயங்களையும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே இவ்விஷயத்தின் சாரம்.

இதற்கான மருந்து நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1916-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவெல் என்னும் ஆசிரியரின் பரிசோதனைச் சாலையில் வேலைசெய்த ஜே மக்லீன் என்ற மாணவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் சத்து ஒன்றைக் கண்டார். ஈரலிலிருந்து எடுக்கப்பட்டமையால் அதற்கு ‘ஹெப்பாரின்’ என்று பின்னர் பெயரிட்டார்கள். சிறிதளவு ஹெப்பாரினை சஸ்திர சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஊசி மூலம் செலுத்தினால் உயிர்கள் பிழைக்குமா என்ற கேள்விக்குத் தீர்மானமான விடை 1975-ல் வெளிவந்தது. பெரிய சிகிச்சைகளுக்கு உட்பட்ட 4,121 பேரை இரு பகுதியாகப் பிரித்துச் செய்த சர்வதேசப் பரிசோதனையில், மருந்து பெறாத பகுதியில் 16 பேரும், மருந்து பெற்ற பகுதியில் 2 பேரும் நுரையீரலில் கட்டி அடைத்து மாண்டது பிரேத பரிசோதனையில் தெரியவந்தது. இந்தப் பரிசோதனையை முன்னின்று நடத்தியவர், இந்திய மண்ணில் பிறந்து லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில் தொண்டாற்றிய விஜய் கக்கர் என்பதை நமது நேயர்கள் பெருமையுடன் அறியலாம். பெருமையோடு வெட்கத்தையும் சிறிது அடைய வேண்டியிருக்கிறது. அவர் உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டிய விஷயத்தை அவர் பிறந்த தேசத்தின் ஆஸ்பத்திரிகள் வெகுகாலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் விசித்திரமானது. இரத்தக் கட்டி வெள்ளைக்காரருடைய வியாதி. கொழுத்த மாமிசம் உண்டு பருத்த சரீரமுடையவர்க்கே அது வரும். ஆசியா கண்டத்தாருக்கு வருவதில்லை என்று கூறிவந்தார்கள். இதில் துளி உண்மை இல்லாமலில்லை. இரத்தம் எளிதில் உறையும்படி செய்யும் ஒரு பரம்பரைக் கோளாறு, ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் 1994-ல் கண்டறியப்பட்டது. அது ஐரோப்பியரிடையே சகஜம், கீழ்த்திசையாரிடையே அரிது. ஆனால் ஒரு காரணம் குறைந்திருப்பதால் காரியமே இல்லையென்று முடிவு கட்டுவது எந்தத் தர்க்கத்தைச் சேர்ந்தது? நீதிஸ்தலத்தில் ஒரு வழக்குக்குச் சாட்சியையே கூப்பிடாமல், சாட்சியம் இல்லையாகையால் குற்றம் நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தால் அதை யார் ஒப்புவார்? நமது தேசத்தில் பிரேத பரிசோதனை அபூர்வம். வீட்டில் மாள்பவருடைய மரணத்துக்குக் காரணம் தேடுவாரில்லை. கால் வீங்கினால் கட்டுப்போட்டதனால் வந்த வீக்கம் என்று விடுகிறார்கள். தேடாதவனுக்குக் கட்டி தென்படாதது ஆச்சரியமன்று.

தேடியவர்களுக்கு அது தென்பட்டது. சீனா, தென் கொரியா, தாய்லாந்து, மலேயா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ், தைவான் என ஏழிடங்களின் ஆஸ்பத்திரிகளில் இடுப்பு, முழங்கால் சிகிச்சை பெற்றவர்களுக்கு, தடுப்பு மருந்தின்றி, நாளங்களில் சாயம் செலுத்திப் படம் பிடித்துப் பார்த்ததில், நூற்றுக்கு 41 பேருக்குக் கட்டி இருந்ததாக 2005-ல் அறிக்கை வெளியாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை கெண்டைக்காலோடு நின்று தாமே கரையக்கூடியவை என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு, அபாயம் மிகுந்த மேற்பகுதி நாளங்களிலேயே கட்டி இருந்தது. நமது வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் சஸ்திர வைத்தியர்களும் தங்களிடம் வந்த கட்டி நோயாளிகளைக் கணக்கெடுத்து, இந்தியாவிலும் இது அரிய வியாதியன்று என்று 2009-ல் எழுதினார்கள். 32 தேசங்களில் 68,000-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்வையிட்டு 2008-ல் வெளியான ஆராய்ச்சியில், அபாயத்துக்கு உட்பட்ட சஸ்திர சிகிச்சை நோயாளிகளுள் உலகமெங்கும் நூற்றுக்கு 58 பேருக்கு விதித்தபடி தடுப்பு கிடைத்திருந்தது. இந்தியாவிலோ, அபாயத்துக்கு உட்பட்டிருந்தவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் அது கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்று சிலர் கேட்கலாம். தீராது. அலட்சியம் ஒரு குற்றமென்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மருந்தை அளப்பது மற்றொரு குற்றம். நோயாளிகள் ஒரே ஜாதியாரல்லர்.

இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றிக்கொண்டவருக்கு அபாயம் அதிகம். முழங்காலுக்குப் பத்துப் பதினாலு நாள் தடுப்பு வேண்டுமானால், இடுப்புக்கு முப்பத்தைந்து நாள் வரையில் வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியை விட்டதும் மருந்தையும் விட்டுவிடுவது ஆற்றின் நடுவில் ஓடத்தை விட்டு இறங்குவதற்கு ஒப்பாகும். வயிற்றில் புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்றவருடைய அபாயமும் இத்தகையதே; புற்றுநோயே இரத்தத்தை உறையத் தூண்டுவது. இவர்களுக்கு ஒரு வாரம் மருந்து போதுமா, நாலு வாரம் வேண்டுமா என்று சோதித்து 2002-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வாரத்தோடு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், நாலு வாரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் கட்டி காணப்பட்டது.

பிரசவத்துக்காக வயிற்றைக் கிழித்துச் சிகிச்சை செய்யப்பட்ட தாய்மார் வேறொரு வகுப்பு. கர்ப்பகாலத்தில் இரத்தம் எளிதில் உறையும்படி இயற்கையே ஏற்பாடு செய்திருக்கிறது. பிரசவத்தில் உதிரம் பெருகாதிருக்கும் பொருட்டு அது வேண்டியதே. ஆனால் அத்துடன் கத்தியும் படுக்கையும் சேர்ந்தால் அபாயம் பெருகுகிறது. பிரிட்டனில் யாருக்கு எப்போது தடுப்பு கொடுப்பது என்று 2004-ல் விதிகள் வகுத்தார்கள். 2003 முதல் 2005 வரையிலான மூன்று வருஷங்களில் கட்டியினால் மாண்ட தாய்மார் 41 பேர். அடுத்த மூன்று வருஷங்களில் 18 பேர். ஒரு காகிதத்தில் எழுதிய விதி எத்தனை குழந்தைகளுக்குத் தாயைக் காத்தது பாருங்கள்!

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. மூளையில் சிகிச்சை பெற்றவனுக்கு, சிறிது இரத்தம் கசிந்தாலும் மண்டைக்குள் போக இடமில்லை. ஆகையால் முதலில் காலைச் சுற்றிக் கட்டிக் காற்றினால் இறுக்கித் தளர்த்தும் கருவியைப் பயன்படுத்தி, கசிவு நின்றதை உறுதிசெய்த பிறகே ஊசியை யோசிக்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்பின் கீழ் மரக்கச் செய்யும்போது, அதற்கு முன்னும் பின்னும் இம்மருந்து கொடுக்கும் நேரம் தவறினால், தண்டைச் சுற்றி இரத்தம் கட்டிக் கால்களே விழுந்துபோகலாம். இதைப் பற்றி அமெரிக்க மருந்து அதிகாரிகள் 1997-ல் எச்சரித்தார்கள். மூத்திரக் கோசங்கள் கெட்டவனுடைய தேகத்தில் எனாக்ஸபாரின் என்னும் நவீன ஹெப்பாரின் வெளியேறாமல் தங்கிவிடும். அவனுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அல்லது பழைய ஹெப்பாரினையே கொடுக்க வேண்டும். 45 கிலோவுக்குக் குறைந்த ஸ்திரீகளுக்கும் 57 கிலோவுக்குக் குறைந்த புருஷர்களுக்கும் வழக்கமான அளவே இரத்தப் பெருக்கை அதிகமாக்கக்கூடும் என்று மருந்தின் சீட்டிலேயே எச்சரித்திருக்கிறது. மெலிந்தவர் மிகுந்த நமது தேசத்தில் நோயாளியை நிறுத்துப் பார்க்காமல் ஊசி போடுவது எவ்வளவு தவறு! அற்பச் சிகிச்சை செய்துகொண்டு அன்று மாலையே வீட்டுக்கு நடந்துபோகும் வாலிபனுக்கோ மருந்தே தேவையில்லை; சீக்கிரம் எழுந்து நடப்பதே அவனுக்கு மருந்து. ஹெப்பாரின் இக்காலத்தில் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதால், மத ஆசாரத்தின் பொருட்டு அதை விரும்பாதவருக்கு அதைச் சொல்லி, ரசாயன முறையில் செய்யப்படும் ஃபாண்டாபரினக்ஸ் போன்றதைக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதும் வைத்தியருடைய தர்மமாகும்.

இப்பொழுது வைத்தியர்களிடையே நடக்கும் பெரிய விவாதத்துக்கு வருவோம். சில காசு விலையுள்ள ஆஸ்பிரின் மாத்திரையே போதாதா, விலையுயர்ந்த ஊசி எதற்கு என்பதே கேள்வி. ஏழைத் தேசத்துக்கு இக்கேள்வி மிகவும் முக்கியமானது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட 9,711 பேரைக் கொண்டு நடத்தி 2022-ல் வெளியிட்ட பரிசோதனையில், ஆஸ்பிரின் உண்டவர்களில் நூற்றுக்கு 3.45 பேருக்கும், எனாக்ஸபாரின் பெற்றவர்களில் 1.82 பேருக்கும் நோய்க்குறியுடன் கட்டி வந்தது. அதிகமாக வந்தவை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே உள்ளவை என்றாலும், ஆஸ்பிரின் தோற்றதென்றே சொன்னார்கள். மறுவருஷம் அமெரிக்காவிலும் கனடாவிலும் எலும்பு முறிந்த 12,211 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனை வெளியாயிற்று. அதில் 90 நாளில் மாண்டவர்கள் ஆஸ்பிரின் பகுதியில் நூற்றுக்கு 0.78, ஊசிப் பகுதியில் 0.73, அதாவது வித்தியாசமில்லை. ஆஸ்பிரின் வென்றதென்று முழங்கினார்கள்.

எது உண்மை? இரண்டும் உண்மை. ஒரு தீர்ப்பைப் படிப்பவன் அதன் முடிவை மாத்திரமன்றி, அவ்வழக்கின் சங்கதிகளையும் படிக்க வேண்டும். முதல் பரிசோதனையில் இருந்தவர்கள் மூட்டுத் தேய்ந்தவர்கள். இரண்டாவதில் இருந்தவர்கள் விபத்தில் அடிபட்டவர்கள், சராசரி வயது 45-க்கும் குறைவு. முதலாவது, கட்டி வந்ததா என்று கேட்டது. இரண்டாவது, ஆள் மாண்டானா என்று கேட்டது. அந்த இரண்டாவதிலும் கால் நாளக் கட்டி ஆஸ்பிரின் பகுதியில் சிறிது அதிகமாகவே இருந்தது. வெவ்வேறு வழக்கில் வெவ்வேறு தீர்ப்பு வந்ததில் முரண்பாடில்லை. கனடாவில் 3,424 பேரைக் கொண்டு நடத்தி 2018-ல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனை நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. மூட்டு மாற்றியபின் முதல் ஐந்து நாள் ரிவராக்ஸபான் என்னும் வலிய மாத்திரையைக் கொடுத்து, பிறகு ஆஸ்பிரினுக்கு மாற்றினார்கள். வலிய மருந்தையே தொடர்ந்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இரு பகுதியிலும் கட்டி வந்தது. ஆகவே சிக்கனமும் பத்திரமும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. ஆனால் யாருக்கு எந்த வழி என்று முதலில் விசாரிக்க வேண்டும். சிக்கனத்தின் பெயரால் விசாரணையையே விட்டுவிடலாகாது.

இந்த விசாரணை ஒவ்வொரு வைத்தியருடைய நல்லெண்ணத்தையும் ஞாபகசக்தியையும் பொறுத்து நிற்கும் வரையில் காரியம் நடவாது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவமே சாட்சி. ஆஸ்பத்திரிகளில் நேரும் கட்டியினால் அத்தேசத்தில் வருஷத்துக்கு 25,000 பேர் மாள்வதாகவும், அது மார்புப் புற்றுநோய், எய்ட்ஸ், சாலை விபத்து மூன்றினாலும் மாள்பவர்களின் மொத்தத்தை விட அதிகமென்றும் 2005-ல் காமன்ஸ் சபையின் சுகாதாரக் கமிட்டி கூறிற்று. மருந்து இருந்தது, நூல்கள் இருந்தன, நிபுணர்கள் இருந்தார்கள், இருந்தும் ஜனங்கள் மாண்டார்கள். 2010-ல், சேரும் நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கேனும் அபாயக் கணக்கு எழுதப்பட வேண்டும், தவறினால் ஆஸ்பத்திரிக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கு போகும் என்று ஏற்பாடு செய்தார்கள். அதுவரையில் பாதிப் பேருக்குச் சுமாராக நடந்துவந்த காரியம், இரண்டு வருஷத்துக்குள் தொண்ணூறு பேருக்கு மேல் நடந்தது. அவ்விலக்கை எட்டிய ஆஸ்பத்திரிகளில் கட்டியினால் நேரும் மரணம் குறைந்ததென்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். புதிய மருந்தொன்றும் வந்துவிடவில்லை. கட்டளை வந்தது, கணக்கு வந்தது, அவ்வளவே.

அக்கணக்கு பெரிய வித்தையுமன்று. வயது 41-க்கு மேலானால் ஒரு எண், 61-க்கு மேல் இரண்டு, 75-க்கு மேல் மூன்று, புற்றுநோய்க்கு இரண்டு, முன்பு கட்டி வந்திருந்தால் மூன்று, இடுப்பெலும்பு முறிவுக்கு ஐந்து என்று அமெரிக்க சஸ்திர வைத்தியர் காப்ரீனி வகுத்த பட்டியலை, தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிடலாம். இரத்தப் பெருக்கின் அபாயத்தையும் எதிர்ப்பக்கத்தில் எழுதினால் வைத்தியர் தீர்மானிக்கத் தடையென்ன?

பணமில்லை என்னும் ஆட்சேபமும் செல்லாது. செயற்கை முழங்காலின் விலைக்கு இந்திய சர்க்கார் 2017-ல் உச்சவரம்பு விதித்தார்கள். அது நல்ல காரியம். மூட்டின் விலையைக் கவனித்தவர்கள், அம்மூட்டைப் பெற்றவன் பிழைத்து நடப்பதற்கு வேண்டிய சில வார மருந்தையும் கவனிக்க வேண்டாமா? உலக சுகாதார ஸ்தாபனம் 2015-லேயே எனாக்ஸபாரினை இன்றியமையாத மருந்துகளின் ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. வீண் செலவைக் குறைக்கவும் வழியுண்டு. ஊசி பெறுபவர் அத்துடன் இறுக்கமான காலுறையும் அணிவதால் கூடுதல் நன்மை தென்படவில்லை என்று பிரிட்டனில் 1,905 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2020-ல் தெரிவித்தது. அக்காலுறைக்குப் போகும் பணத்தை மருந்துக்குத் திருப்பலாம்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை: சர்க்கார் ஆஸ்பத்திரியாயினும் தனியார் ஆஸ்பத்திரியாயினும், சஸ்திர சிகிச்சைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் அபாயக் கணக்கு எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் திட்டத்தின்கீழ் பணம் கொடுக்கும்போது அக்கணக்குக் காகிதத்தைக் கேட்க வேண்டும். வீட்டில் தொடரவேண்டிய மருந்தின் விலையும் அப்பணத்தில் அடங்க வேண்டும். வீடு திரும்புபவரிடம் எத்தனை நாள் மருந்து, என்ன குறி கண்டால் ஓடிவர வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் நேரும் மரணத்தின் காரணத்தை விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கட்டிடமோ அந்நிய யந்திரமோ தேவையில்லை.

சர்க்கார் அசையும் வரையில் ஜனங்கள் சும்மாயிருக்க வேண்டுவதில்லை. வீட்டில் ஒருவர் சஸ்திர சிகிச்சைக்குப் போகுமுன், சம்மதச் சீட்டில் கையெழுத்திடும் அந்த நேரத்திலேயே வைத்தியரை மரியாதையாகக் கேளுங்கள்: இவருக்குக் கட்டி வரும் அபாயம் எவ்வளவு? தடுப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? எத்தனை நாள் தொடர வேண்டும்? முன்பு குடும்பத்தில் யாருக்கேனும் கட்டி வந்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் வைத்தியர் நடக்கச் சொன்னால், இரக்கத்தினால் படுக்கையிலேயே கிடத்தாதீர்கள். ஒரு கால் மாத்திரம் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராதீர்கள்.

நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். அவருக்கு ஞாபகமூட்டியதாகவே கொள்வார். ஒரு தாலுகாவில் நூறு குடும்பங்கள் விடாமல் கேட்கத் தொடங்கினால், அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் கணக்குக் காகிதம் தானாக மேஜைக்கு வந்து சேரும். பொதுக்காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நேயர்கள் தத்தம் ஊரில் இதை ஆரம்பிப்பார்களாக.